பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும் ஜெர்மன் கேமரா... ஏற்காடு பனியில் மறுபடியும் கிளிக் செய்யலாமா?

மடித்தால் கோட் பாக்கெட்டுக்குள் போய்விடும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, ஹார்மோனியத் துருத்தி மாதிரி ஒரு கறுப்புத் துருத்தி வெளியே வரும். அதன் நுனியில் ஒரு கண்ணாடி லென்ஸ். பேட்டரி கிடையாது, ஸ்கிரீன் கிடையாது, சார்ஜர் கிடையாது. ஒரு ரோலுக்கு 8, 12 அல்லது 16 படம். அவ்வளவுதான்.

1930-களிலும் 50-களிலும் ஜெர்மனியில் தயாரான ஃபோல்டிங் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் இவை. சேர்வராயன் மலையில் பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்யும்போதோ, சேலத்தில் தாத்தாவின் பீரோவை ஒழிக்கும்போதோ இப்படி ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் இரண்டே முடிவுதான். ஒன்று, ஷோகேஸில் பொம்மையாக நிற்கும். இல்லையென்றால், ஆன்லைனில் 'வின்டேஜ் டெக்கர்' என்று வந்த விலைக்குப் போய்விடும்.

ஆனால், எழுபது வயதான இந்தக் கேமராக்களில் கணிசமானவை இன்றைக்கும் படம் எடுக்கும். அவற்றைக் கொல்வது வயசு இல்லை, பூட்டி வைப்பதுதான். அதிலும் ஏற்காடு மாதிரி பனியும் ஈரமும் உள்ள ஊரில், தோல் உறைக்குள் மூடியே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை ஏற சில மழைக்காலங்களே போதும். பெட்டியைத் திறப்பதிலிருந்து பனியில் ஃபோகஸ் பிடிப்பது வரை, உங்களுக்குத் தேவையானது எல்லாம் இங்கே.

ரேஞ்ச்ஃபைண்டர்னா என்ன?

ஒரு சின்ன சோதனை. கையை நீட்டிக் கட்டை விரலைத் தூக்குங்கள். இடக் கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக் கண்ணை. விரல் இடம் மாறுகிற மாதிரி தெரியும். விரல் கிட்டே இருந்தால் அதிகம் நகரும், தள்ளி இருந்தால் கொஞ்சமாக நகரும். ரேஞ்ச்ஃபைண்டரின் மொத்த ரகசியமும் இதுதான்.

கேமராவின் மேல்பகுதியில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். இரண்டு வழியாகவும் வரும் காட்சிகள் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பின்னாலிருந்து பார்த்தால் நடுவில் இரட்டை உருவம் தெரியும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, அந்த இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான நொடியில் தூரம் எவ்வளவு என்று கேமராவுக்குத் தெரிந்துவிடும்.

இதில் இரண்டு வகை உண்டு. சக்கரத்தைச் சுற்றும்போதே லென்ஸும் சேர்ந்து ஃபோகஸ் ஆனால் அது 'கப்பிள்டு'. தூரத்தை மட்டும் காட்டிவிட்டு, அதை நீங்களே பார்த்து லென்ஸ் வளையத்தில் வைக்க வேண்டுமென்றால் அது 'அன்கப்பிள்டு'. வாங்கும்போதும் விற்கும்போதும் விலையில் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருவது இந்த ஒரு விஷயம்தான்.

ஒரு தகவல்: கப்பிள்டு ரேஞ்ச்ஃபைண்டரை முதலில் கேமராவில் வைத்தது ஜெர்மனி இல்லை, அமெரிக்கா. 1916-ல் வந்த கோடக் 3ஏ ஆட்டோகிராஃபிக் ஸ்பெஷல்தான் அது. ஆனால், அதைப் பாக்கெட்டில் அடங்கும் அளவுக்குக் கச்சிதமாக்கி, உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் ஜெர்மன்காரர்கள்.

ஜெர்மனிக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்?

1926-ல் ஜெர்மனியின் நான்கு கேமரா கம்பெனிகள் (இகா, எர்னமான், கோயர்ட்ஸ், கொன்டெஸ்ஸா-நெட்டல்) ஒன்றாகி 'ஸைஸ் ஐகான்' உருவானது. 1934-ல் அவர்கள் 'சூப்பர் ஐகான்டா'வைக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் ஸ்டுட்கார்ட்டில் ஆகஸ்ட் நாகல் வடிவமைத்த 'கோடக் ரெட்டினா' வந்தது. நம் அப்பா காலத்து ஸ்டுடியோக்களில் பார்த்த அந்த 35 எம்.எம். ஃபிலிம் டப்பா இருக்கிறதே, அது ரெட்டினாவோடு சேர்ந்துதான் உலகுக்கு அறிமுகமானது.

இந்தப் பக்கம் ஏற்காடு அடிவாரத்துக்கு வருவோம். 1930-களின் நடுவில் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' ஸ்டுடியோவைத் தொடங்கினார். ஏற்காடு போகும் சாலையில் அதன் வளைவு இன்றைக்கும் நிற்கிறது. அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்த போடோ குட்ச்வேகர் ஒரு ஜெர்மன் ஒளிப்பதிவாளர். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' (1940) இரண்டுக்கும் கேமரா அவர்தான். ஜெர்மன் லென்ஸ், ஜெர்மன் கேமராமேன் என்பதெல்லாம் இந்த மலையடிவாரத்துக்கு அந்தக் காலத்திலேயே பழக்கமான விஷயம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. 1950-களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முன் வந்து சேர்ந்த கேமராக்களும், வெளிநாடு போனவர்கள் கையில் கொண்டுவந்தவையும் பொக்கிஷம் ஆகிவிட்டன. 'தொடாதே, கெட்டுப்போயிடும்' என்று வீடுகளில் பூட்டி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபிலிமுக்கும் தமிழ்நாட்டு மலைக்கும் ஒரு சொந்தம் உண்டு. மத்திய அரசின் 'இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்' 1960-ல் ஊட்டியில் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தன. அந்த ஆலை இப்போது இல்லை. இன்றைக்கு நீங்கள் கேமராவில் போடும் ரோல் வெளிநாட்டிலிருந்து வருவதுதான்.

உங்க கையில் இருப்பது எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் அதிகம் கிடைக்கும் 'ஆக்ஃபா கிளிக் III' ஃபோல்டிங் கேமரா இல்லை. ஜெர்மன் தயாரிப்பும் இல்லை. பெயர் ஜெர்மன் கம்பெனியுடையது, தயாரானது பரோடாவில். எளிமையான, நல்ல கேமராதான். ஆனால், அதில் துருத்தியும் ரேஞ்ச்ஃபைண்டரும் கிடையாது.

ஜெர்மன் ஃபோல்டிங் ரேஞ்ச்ஃபைண்டர்களில் தெரிந்திருக்க வேண்டியவை:

* ஸைஸ் ஐகான் சூப்பர் ஐகான்டா: 6x4.5, 6x6, 6x9 சென்டிமீட்டர் அளவுகளில் வந்தது. லென்ஸ் பக்கத்தில் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டு, அதில் வட்டக் கண்ணாடி இருந்தால் இதுதான். கண்ணாடி ஆப்புகள் சுழன்று தூரம் கணிக்கும் அமைப்பு; எளிதில் கெடாது. 1954-ல் வந்த III, 1956-ல் லைட் மீட்டரோடு வந்த IV ஆகிய மாடல்கள் கைக்கு அடக்கமானவை.

* ஆக்ஃபா ஐசோலெட் III: மியூனிக் தயாரிப்பு, 1950-களின் மாடல். 6x6, அன்கப்பிள்டு. முதல் கேமராவாக வாங்க ஏற்றது. துருத்தியும் கிரீஸும்தான் இதன் பலவீனம். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

* ஆக்ஃபா சூப்பர் ஐசோலெட்: ஐசோலெட்டின் பெரிய அண்ணன். கப்பிள்டு. 'சோலினார்' லென்ஸ் மொத்தமாக முன்னும் பின்னும் நகர்ந்து ஃபோகஸ் ஆகும். கிடைப்பது அரிது, விலையும் ஜாஸ்தி.

* ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா ஆர்.எஃப். (1936), பெஸ்ஸா II (1950): 6x9 ராட்சதர்கள். ஒரு ரோலுக்கு 8 படம்தான். ஆனால், ஒரு நெகட்டிவின் பரப்பு 35 எம்.எம். ஃபிலிமைப்போல ஐந்து மடங்குக்கு மேல்.

* கோடக் ரெட்டினா IIa, IIIc: பெயர் அமெரிக்கா, ஊர் ஸ்டுட்கார்ட். 35 எம்.எம். ஃபிலிம் என்பதால் 36 படம் கிடைக்கும். மூடும் முன் ஃபோகஸை 'இன்ஃபினிட்டி'யில் வைக்க வேண்டும். அதை மறந்துவிட்டுக் கதவை அழுத்தித் தள்ளிக் கெடுத்தவர்கள் ஏராளம்.

* ஸைஸ் ஐகான் கொன்டெஸ்ஸா 35 (1950): 35 எம்.எம்., ரேஞ்ச்ஃபைண்டர், லைட் மீட்டர், டெஸ்ஸார் லென்ஸ் எல்லாம் ஒரே சின்னப் பெட்டிக்குள்.

முதல் நான்கும் '120' ரோலில் ஓடும். 1901-ல் வந்த இந்த ரோல் இன்றைக்கும் தயாராகிறது. '620' என்று எழுதியிருக்கும் கேமராவை மட்டும் யோசித்து வாங்குங்கள். ஃபிலிமின் அகலம் அதேதான், ஆனால் சுருளின் தண்டு மெல்லிசு. கோடக் 1995-லேயே 620-ஐ நிறுத்திவிட்டது.

மலை வீடு... மூடிய பெட்டி... பூஞ்சை!

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நடுவில் பனிமூட்டம். சுவரில் ஈரம் ஊறி, அலமாரியில் துணி நமத்துப்போகும் ஊர். மனுஷங்களுக்குக் குளுகுளு, லென்ஸுக்குச் சோதனை.

பூஞ்சையின் வித்து காற்றில் எல்லா இடத்திலும் இருக்கிறது. அது வளர ஈரமும் இருட்டும் காற்றோட்டமில்லாத இடமும் வேண்டும். மூடிய தோல் உறை இந்த மூன்றையும் இலவசமாகக் கொடுக்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி, மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி, மரக்கிளை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால் அதுதான் பூஞ்சை. ஆரம்பத்தில் துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் லென்ஸின் பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரித்துவிடும். அரித்த தடத்தைத் துடைத்து எடுக்க முடியாது.

தடுப்பது ரொம்ப சுலபம்:

* அழகான தோல் உறையைத் தனியாக வையுங்கள். கேமராவை அதற்குள் போட்டு வைக்காதீர்கள்.

* காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவிகிதத்துக்குள் இருந்தால் நிம்மதி. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால், சூடுபடுத்தி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

* அரிசி டப்பாவுக்குள் போடாதீர்கள். மாவுத் தூசுதான் உள்ளே போகும். பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது.

* மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, துருத்தியைத் திறந்து, ஷட்டரைப் பத்து தடவை ஓட்டி, வெளிச்சமான அறையில் கொஞ்ச நேரம் வையுங்கள். இந்தப் பட்டியலில் ரொம்ப முக்கியமானது இதுதான்.

இன்னொன்று. மலையில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த கேமராவைச் சுடச்சுட வெந்நீர் ஆவி பறக்கும் அறைக்கோ, சேலத்து வெக்கைக்கோ சட்டென்று கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். மலை ஏறும்போது இந்தப் பிரச்னை குறைவு, இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். பைக்குள் மூடியே வைத்து, கேமரா மெதுவாகச் சூடான பிறகு எடுங்கள்.

முதல் ரோல் போடும் முன் ஏழு சோதனை

1. துருத்தி: இருட்டு அறையில் பின்கதவைத் திறந்து, உள்ளே செல்போன் டார்ச் அடியுங்கள். மூலைகளில் நட்சத்திரம் மாதிரி புள்ளி தெரிந்தால் ஓட்டை. ஐசோலெட்டில் இது சகஜம். சின்ன ஓட்டைக்குத் துணிக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட் தற்காலிகமாகக் கைகொடுக்கும். மூலை எல்லாம் போயிருந்தால் புதுத் துருத்திதான் வழி.

2. லென்ஸ்: ஷட்டரை 'பி'யில் வைத்துத் திறந்து பிடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தூசு இருந்தால் கவலை இல்லை. வலை மாதிரி கோடு இருந்தால் மெக்கானிக்.

3. ஷட்டர்: ஒரு விநாடி, அரை விநாடி வேகங்களில் 'விர்ர்ர்' என்று சீராக ஓடி மூடுகிறதா? பாதியில் நின்றால், உள்ளே பழைய எண்ணெய் பசையாகிவிட்டது. வெறும் மெதுவான வேகம் மட்டும் மக்கர் என்றால், வேகமான எண்களில் படம் எடுக்கலாம்.

4. ஃபோகஸ் வளையம்: ஆக்ஃபாவின் பச்சை கிரீஸ் காலப்போக்கில் கோந்து மாதிரி இறுகிவிடும். சுற்ற வரவில்லை என்றால் கட்டிங் பிளேயரைத் தேடாதீர்கள். பிரித்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

5. ரேஞ்ச்ஃபைண்டர்: இன்ஃபினிட்டியில் வைத்து ரொம்ப தூரத்தில் உள்ள ஒன்றைப் பாருங்கள். இரட்டை உருவம் ஒன்றாக வேண்டும். ஏற்காட்டில் இதற்கென்றே செய்த மாதிரி ஓர் இடம் உண்டு. ராத்திரி லேடிஸ் சீட்டிலிருந்து கீழே தெரியும் சேலத்து விளக்குகள்! ஒரு விளக்கு இரண்டாகத் தெரிந்தால், ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்ய வேண்டும்.

6. முன்கதவு: திறந்ததும் லென்ஸ் தகடு ஆடாமல், 'டக்' என்று உட்கார வேண்டும். ஆடினால் படத்தின் ஒரு பக்கம் மங்கும்.

7. சிவப்பு ஜன்னல்: பின்கதவில் படத்தின் எண் தெரியும் ஓட்டை. அதன் சிவப்புக் கண்ணாடி வெளுத்திருந்தால், பார்க்கும்போது மட்டும் திறந்து, மற்ற நேரம் கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

செய்யவே கூடாதவை இரண்டு. ஒன்று, ஷட்டருக்குள் துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பது. எண்ணெய் இலைத் தகடுகளில் பரவி மொத்தமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு, பழைய 'காம்பூர்-ரேப்பிட்' ஷட்டரை இழுத்த பிறகு உச்ச வேகத்துக்கு மாற்றுவது. முதலில் வேகத்தை வைத்துவிட்டு, பிறகு இழுக்க வேண்டும். செல்ஃப் டைமரையும் தொடாமல் இருப்பது நல்லது. பாதியில் சிக்கிக்கொண்டால் மொத்த ஷட்டரும் நின்றுவிடும்.

உள்ளே பழைய ரோல் இருந்தால்?

இதுதான் பலர் கோட்டைவிடும் இடம். கேமரா கிடைத்ததும் ஆர்வத்தில் பின்கதவைத் திறந்துவிடுவார்கள். உள்ளே தாத்தா பாதி எடுத்துவிட்டு வைத்த ரோல் இருந்தால், அந்த ஒரு நொடியில் பெரும்பகுதி போய்விடும்.

முதலில் சிவப்பு ஜன்னலைப் பாருங்கள். எண்ணோ காகிதமோ தெரிந்தால் ஃபிலிம் இருக்கிறது. கதவைத் திறக்காமல், குமிழை மெதுவாகக் கடைசி வரை சுற்றுங்கள். காகிதம் தெரிவது நின்ற பிறகும் சில சுற்று சுற்றுங்கள். பிறகு முழு இருட்டில் எடுத்து, சுருள் தளராமல் ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றி, பழைய ஃபிலிம் கழுவிப் பழக்கமுள்ள லேபுக்கு அனுப்புங்கள். 'ரொம்பப் பழைய ரோல்' என்று எழுதியே அனுப்புங்கள். படம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால், கறுப்பு வெள்ளை ரோலில் பல பத்தாண்டுகள் கழித்தும் மங்கலான உருவங்கள் கிடைத்ததுண்டு. இனி யாராலும் திரும்ப எடுக்க முடியாத முகங்கள் அதில் இருக்கலாம்.

ஏற்காட்டில் எடுப்பது எப்படி?

ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை ரோல் இந்த மலைக்கு நன்றாகப் பொருந்தும். வெயில் ஐந்து நிமிஷத்தில் பனியாக மாறும் ஊர் இது. கேமராவில் மீட்டர் இருந்தாலும் நம்ப வேண்டாம். பழைய செலினியம் செல்கள் பெரும்பாலும் செத்திருக்கும். போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போதும். ஆப் இல்லாமலும் சமாளிக்க, ஐ.எஸ்.ஓ. 400-க்கான கணக்கு:

* உச்சி வெயிலில் ஏரிக்கரை: எஃப்16, 1/500 (அல்லது 1/400)

* லேசான மேகத்தில் பகோடா பாயின்ட்: எஃப்11, 1/250

* பனிமூட்டத்தில் சேர்வராயன் கோயில் மேடு: எஃப்8, 1/250

* சில்வர் ஓக் நிழலில் காபித் தோட்டம்: எஃப்5.6, 1/100. இருட்டாக இருந்தால் 1/50

பனியில் ஒரு தந்திரம் உண்டு. பனி வெள்ளை. மீட்டர் அதைப் பார்த்து 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று ஏமாந்து, குறைவாக எக்ஸ்போஸ் செய்யச் சொல்லும். அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். இல்லையென்றால் பனி சாம்பல் நிறப் புகையாகத்தான் வரும்.

ஃபோகஸ்? மூட்டத்தில் ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டை உருவம் சரியாகத் தெரியாது. செங்குத்தான, அழுத்தமான கோட்டைத் தேடுங்கள். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தண்டு, கேட்டுக் கம்பி, லைட் கம்பம் இதற்கு ஏற்றவை. அதுவும் முடியாவிட்டால், 75 எம்.எம். லென்ஸில் எஃப்11 வைத்து, தூரத்தை 10 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 5 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கேமராவில் உள்ள எண் மீட்டரா, அடியா என்று முதலில் பாருங்கள். பல பழைய கேமராக்களில் அடிக்கணக்குதான் இருக்கும்.

துருத்தியைப் படக்கென்று திறக்காதீர்கள். உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு ஃபிலிம் முன்னால் வளையும், படம் மங்கும். மெதுவாகத் திறந்து, அதற்குப் பிறகு அடுத்த எண்ணுக்குச் சுற்றி, உடனே எடுங்கள்.

இதனால் முடியாததும் உண்டு. தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய் ஒரு பூவைக் கிட்டத்தில் எடுக்க நினைத்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலான ஃபோல்டிங் கேமராக்கள் ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. சாலையோரம் காட்டெருமை நின்றால், தயவுசெய்து போனிலும் வேண்டாம், இதிலும் வேண்டாம். தள்ளிப்போய்விடுங்கள். துருத்தி நீட்டிய கேமராவைக் குரங்கு பார்க்கும்படி சுவர்மேல் வைப்பதும் ஆபத்து.

செலவு எவ்வளவு ஆகும்?

120 ரோல் ஒன்று பிராண்டைப் பொறுத்து ஆயிரம் ரூபாயைச் சுற்றியோ, அதற்கு மேலேயோ இருக்கும். கழுவி, ஸ்கேன் எடுக்கும் கூலியையும் சேர்த்தால் 6x6 கேமராவில் ஒரு படத்துக்கு நூறு ரூபாய் தாண்டும். அதனால்தான், முதல் ரோலைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் கிட்ட, நடு, தூரம் என ஒவ்வொன்றிலும் எடுத்து, எந்த எண்ணில் என்ன எடுத்தோம் என்று போனில் குறித்துவையுங்கள். ரிசல்ட் வந்ததும் துருத்தி ஒழுகுகிறதா, ஃபோகஸ் தப்புகிறதா என்று தெரிந்துவிடும். மலைக்கு இரண்டாவது ரோல்.

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவப் பழகினால் செலவு நன்றாகக் குறையும். ஒரு டேங்க், டெவலப்பர், ஃபிக்ஸர், தெர்மாமீட்டர் போதும். டார்க் ரூம் தேவையில்லை. ஃபிலிமை டேங்குக்குள் போடும் சில நிமிஷத்துக்கு மட்டும் முழு இருட்டு வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படுபவை

*போனே இதைவிட நல்லா எடுக்குமே?*

ராத்திரி, வேகம், கிட்டத்துப் படம் எல்லாவற்றிலும் போன்தான் ராஜா. ஆனால், 6x6 நெகட்டிவ் 35 எம்.எம். ஃபிலிமைவிட மூன்றரை மடங்கு பெரியது. பனியில் வெள்ளையிலிருந்து சாம்பலுக்குப் போகும் அந்த மெல்லிய சாயல்களை அது பிடிக்கும் விதம் தனி. தவிர, நெகட்டிவுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. உங்கள் பேத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே படம் தெரியும்.

*வித்துடலாமா?*

விற்கலாம், தப்பில்லை. ஆனால், மாடல் பெயர், லென்ஸ் பெயர், ஷட்டர் பெயர் மூன்றையும் பார்த்த பிறகு விலை பேசுங்கள். பெஸ்ஸா II-ல் 'அப்போ-லான்தார்' லென்ஸ் இருப்பது, சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்கும் ரகம். அதை ஷோபீஸ் விலைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

*ரிப்பேர் பண்ண ஆள் இருக்காங்களா?*

இருக்கிறார்கள், ஆனால் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஊர்ப் பழைய ஸ்டுடியோவில் விசாரியுங்கள். இந்த ஷட்டர்களில் கம்ப்யூட்டர் இல்லை; பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். சுத்தம் செய்தாலே பாதிக்கு மேல் ஓடிவிடும். கொடுக்கும் முன், 'ஃபோல்டிங் கேமரா பிரித்திருக்கிறீர்களா?' என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

இந்த வார இறுதியில் ஊருக்குப் போனால், பீரோவின் மேல்தட்டை ஒரு தடவை பாருங்கள். கேமரா இருந்தால், திறக்காமல் முதலில் சிவப்பு ஜன்னலைப் பார்க்கவும். ரோல் இருந்தால் கடைசி வரை சுற்றவும். இல்லையென்றால், தோல் உறையிலிருந்து எடுத்து, துருத்தியைத் திறந்து, ஷட்டரைப் பத்து தடவை ஓட்டவும். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் இதைச் செய்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. மீதியை ஒரு ரோல் ஃபிலிம் பார்த்துக்கொள்ளும்.